சிறு விமானத்தோடு பெரிய விமான நிலையத்தில் இறங்கலாமா?

கேள்வி கேட்ட நண்பர் அண்மையில்தான் தனியார் விமானி உரிமம் பெற்றிருக்கிறார். ஒற்றை எஞ்சினும் நான்கு இருக்கைகளும் கொண்ட விமானத்தை, கட்டுப்பாட்டுக் கோபுரம்கூட இல்லாத ஒரு சிறிய விமானத் திடலிலிருந்து ஓட்டிப் பழகியவர். பயணிகள் ஜெட் விமானங்கள் ஓயாமல் வந்துபோகும் பெரிய நிலையத்தில் இறங்க அனுமதி கிடைக்குமா, கிடைத்தாலும் மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருப்போமா என்று கேட்டிருக்கிறார். கேள்வியை மறுமுறை படித்தபோது, விதிகளைப் பற்றிய ஐயமாக அது எனக்குத் தோன்றவில்லை. அத்தனை பெரிய விமானங்களுக்கு நடுவே என் கைத்திறன் போதுமா என்றுதான் அவர் கேட்கிறார். போதும் என்பதே என் பதில். அங்கே பற்றாக்குறையாகப் போவது யோசிப்பதற்கான நேரம். பல ஆண்டுகளாகப் பயிற்சி ஆசிரியராக மாணவர்களை இத்தகைய நிலையங்களுக்கு அழைத்துச் சென்ற பழக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். பிஸ்டன் எஞ்சின் விமானங்களைப் பற்றி மட்டுமே நான் உறுதியாகப் பேச முடியும். சிறிய ஜெட்டோ டர்போபிராப்போ ஓட்டுபவர்களுக்குக் கீழே வரும் கணக்குகளில் பல மாறிவிடும்.

அனுமதியைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். வான்வெளியை ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை ஏழு வகுப்புகளாகப் பிரித்திருப்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. ஆனால் ஒரு பெரிய நிலையத்தைச் சுற்றி எந்த வகுப்பை வைப்பது என்பது அந்தந்த நாட்டின் முடிவு. ‘ஏ’ வகுப்பில் கண்பார்வை விதிகளின்படி, அதாவது வெளியே பார்த்து மற்ற விமானங்களைத் தவிர்த்துப் பறப்பதற்கே இடமில்லை. அமெரிக்காவில் மிக நெரிசலான நிலையங்களைச் சூழ்ந்திருப்பது ‘பி’ வகுப்பு. அங்கே உங்கள் அழைப்புக்குறியைச் சொல்லி, நுழையலாம் என்று கட்டுப்பாட்டாளர் வெளிப்படையாகக் கூறிய பிறகே எல்லையைத் தாண்ட வேண்டும். அதே நாட்டில் ‘சி’ வகுப்புக்கு இருவழி ரேடியோத் தொடர்பு ஏற்பட்டிருந்தாலே போதுமானது. மத்திய அரசின் மேம்பாட்டு நிதியைப் பெற்ற அமெரிக்க நிலையங்கள் சிறு விமானங்களை நியாயமற்ற பாகுபாட்டோடு நடத்தக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. உலகின் வேறு பல நிலையங்களில் நிலைமை இவ்வளவு எளிதல்ல: முன் அனுமதி வேண்டும், தரையிறங்கும் நேரத்துக்கு ஸ்லாட் (ஒதுக்கப்பட்ட நேரம்) வாங்க வேண்டும், தரைப் பணிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹேண்ட்லிங் ஏஜென்ட் ஒருவரை அமர்த்தியே ஆக வேண்டும். எனவே பொதுவான பதிலை நம்பிப் புறப்படாதீர்கள். அந்த நாட்டின் ஏ.ஐ.பி. என்ற அதிகாரபூர்வ வான்வழித் தகவல் வெளியீட்டில் அந்த நிலையத்துக்குரிய பக்கங்களையும், புறப்படும் நாளின் நோட்டாம் எனப்படும் தற்காலிக மாற்ற அறிவிப்புகளையும் படித்துவிடுங்கள்.

இந்த விதிகளை வெறும் காகித வேலையாக நினைக்க வேண்டாம் என்று என் மாணவர்களிடம் வற்புறுத்திச் சொல்வதுண்டு. 1986 ஆகஸ்ட் 31 அன்று கலிபோர்னியாவின் செரிட்டோஸ் நகருக்கு மேலே, லாஸ் ஏஞ்சலஸில் இறங்க வந்துகொண்டிருந்த டிசி-9 பயணிகள் ஜெட் விமானத்தோடு ஒரு சிறிய பைப்பர் விமானம் மோதியது. பைப்பர், அனுமதி பெறாமல் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் நுழைந்திருந்தது. அதன் டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் சமிக்ஞை அனுப்பும் கருவி) உயரத்தை அறிவிக்கும் வகையைச் சேர்ந்ததல்ல. இரு விமானங்களிலும் தரையிலுமாக 82 பேர் இறந்தார்கள். வானிலை தெளிவாகவே இருந்தது, ஆனாலும் ஒருவர் மற்றவரைப் பார்த்து விலகவில்லை. இன்று அமெரிக்காவில் ‘பி’ வகுப்பு நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் உயரம் அறிவிக்கும் டிரான்ஸ்பாண்டரும், 2020 ஜனவரி முதல் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்.-பி. அவுட் கருவியும் பொதுவாகக் கட்டாயம். அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று புறப்படும் முன்பே சோதித்துக்கொள்ளுங்கள்.

அதற்கடுத்து ஒரு தொலைபேசி அழைப்பு. சிறு விமானங்களைக் கவனித்துக்கொள்ளும் நிறுவனத்திடம் நிறுத்த இடம் இருக்கிறதா, கட்டணம் எவ்வளவு, எந்த வாசல் வழியாக வெளியே போவது என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்கேஸ் (பிஸ்டன் எஞ்சினுக்கான விமானப் பெட்ரோல்) கிடைக்குமா என்று கேளுங்கள். பெரிய நிலையங்கள் பலவற்றில் ஜெட் எரிபொருள் மட்டுமே இருக்கும். கிடைக்கும் என்று சொன்னாலும், நிரப்பும்போது பக்கத்தில் நில்லுங்கள். 100 எல்.எல். அவ்கேஸ் நீல நிறம். ஜெட் எரிபொருள் நிறமற்றோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். ஜெட் எரிபொருள் நிரப்பிய பிஸ்டன் எஞ்சின் தொடங்கவும் செய்யும், ஓடுபாதை வரை போகவும் செய்யும். நின்றுபோவது மேலே ஏறும்போதுதான்.

இனி நேரத்துக்கு வருகிறேன். ஜெட் விமானம் ஃபைனலில், அதாவது ஓடுபாதைக்கு நேராக இறங்கிவரும் கடைசிக் கட்டத்தில், ஏறத்தாழ 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) வேகத்தில் வருகிறது. ஐந்து கடல் மைலை அது இரண்டு நிமிடம் ஒன்பது விநாடியில் கடந்துவிடும். நீங்கள் பழகிய 65 நாட்டில் அதே தூரத்துக்கு நான்கரை நிமிடத்துக்கும் மேலாகும். உங்களுக்குப் பின்னால் வருபவரை எங்கே வைப்பது என்பதே கட்டுப்பாட்டாளரின் கவலை. அதனால் அவர் உங்களை டவுன்விண்டிலேயே (ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் பகுதியில்) நீளமாகப் போகச் சொல்வார், வட்டமடிக்கச் சொல்வார், அல்லது ஃபைனலில் முடிந்தவரை வேகத்தைக் குறைக்காமல் வாருங்கள் என்பார். இந்த மூன்றாவது கோரிக்கைக்கு வீட்டுத் திடலிலேயே பயிற்சி எடுத்துக்கொள்ளலாம். செஸ்னா 172எஸ் விமானத்தில் முதல் பத்து டிகிரி ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகட்டை) 110 நாட்டிலும், முழு ஃபிளாப்பை 85 நாட்டுக்குக் கீழும் இறக்கலாம். இரண்டு மைல் வரை 110 நாட்டில் வந்து, திராட்டிலை இழுத்து எஞ்சின் சக்தியைக் குறைத்து, மூக்கை உயர்த்திப் பிடித்து வேகத்தைக் கரைத்து, ஃபிளாப்பைப் படிப்படியாக இறக்கி, ஓடுபாதைத் தொடக்கத்துக்கு முன்பே வழக்கமான வேகத்துக்கு வந்துவிட முடியும். தேவையான தூரத்தை உங்கள் விமானத்தில் நீங்களே அளந்து வைத்திருக்க வேண்டும். வேறொருவர் சொன்ன எண் உங்களுக்குப் பயன்படாது.

கேட்ட வேகத்தைக் கொடுக்க முடியாத நாளும் வரும். காற்று பலமாகக் குலுக்கும்போது, முழு எடையில் 105 நாட் என்று கையேடு சொல்லும் திருப்பு வேக வரம்பை (விமானத்தின் கட்டமைப்பு சேதமடையாமல் காக்கும் வேகத்தை) 172எஸ் தாண்டாமல் இருப்பதே நல்லது. எடை குறைந்தால் அந்த வரம்பும் குறையும். அப்போது ரேடியோவில் சொல்ல வேண்டிய சொல் ‘அனேபிள்’, அதாவது இயலாது. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. புதிய விமானிகள் இந்தச் சொல்லைச் சொல்லத் தயங்குவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்; மறுத்தால் கட்டுப்பாட்டாளர் கோபப்படுவார் என்று பயப்படுகிறார்கள். அவருக்குச் சிக்கல் தருவது, ஒப்புக்கொண்டுவிட்டுச் செய்யாமல் விடும் விமானிதான். உடனே மறுத்துவிட்டால், அவர் வேறொரு இடைவெளியைத் தேட நேரம் கிடைக்கிறது.

உங்கள் கேள்வியில் இடம்பெறாத ஒன்றைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. அது வேக் டர்புலன்ஸ், அதாவது பெரிய விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து பின்னால் நீளும் இரண்டு சுழல்கள். விமானம் மூக்கை உயர்த்தித் தரையை விட்டெழும் கணத்தில் தொடங்கி, இறங்கி மூக்குச் சக்கரம் தரையில் படும் வரை அவை உருவாகிக்கொண்டே இருக்கும். இறக்கை தூக்கும் எடை எவ்வளவு கூடுதலோ, வேகம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு வலுவான சுழல். ஆகவே நீங்கள் அதன் பின்னால் செல்லும் இடமான ஃபைனலில்தான் அது வலுத்திருக்கிறது. உருவான பின் நிமிடத்துக்குச் சில நூறு அடி வீதம் கீழே இறங்கும். தரைக்கு ஒன்றிரண்டு நூறு அடி உயரத்துக்கு வந்ததும் இரண்டும் பக்கவாட்டில் பிரிந்து, காற்றில்லாதபோது இரண்டு மூன்று நாட் வேகத்தில் விலகிப் போகும். இவ்வளவும் உறுதியாகத் தெரிந்தவை. ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நிமிடத்தில் அந்தச் சுழல் எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரம் உயிரோடிருக்கும் என்பதோ உறுதியற்றது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நீங்கள் கணக்கால் மட்டுமே தவிர்க்கிறீர்கள்.

கணக்கு இதுதான். முன்னால் போகும் விமானத்தின் இறங்குபாதைக்கு மேலேயே இருங்கள். அது தரையைத் தொட்ட இடத்தைத் தாண்டி நீங்கள் தொடுங்கள். தொட்ட இடத்தைக் காண்பது எளிது, சக்கரங்களிலிருந்து வெண்புகை கிளம்பும். அந்தப் புகை எந்த டாக்ஸிவேக்கு (ஓடுபாதையோடு இணையும் தரைவழிக்கு) நேராகக் கிளம்பியது என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மூவாயிரம் மீட்டர் ஓடுபாதையில் அதைத் தாண்டி இறங்கினாலும் உங்களுக்கு இடம் மிச்சமிருக்கும். ஓடுபாதையின் பக்கத்தில் இறங்குகோணத்தைக் காட்டும் பாப்பி விளக்குகள் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்று காட்டினால் நீங்கள் ஜெட்டின் இறங்குபாதையிலேயே இருக்கிறீர்கள் என்று பொருள். பெரிய விமானத்துக்குப் பின்னால் வரும்போது மூன்று வெள்ளையோ நான்கு வெள்ளையோ தெரிவதை நான் விரும்புவேன். நான்கு சிவப்பு விளக்குகளோடு ஒரு ஜெட்டின் பின்னால் தாழ வந்துகொண்டிருந்தால், சுழல் இறங்கிவரும் பகுதிக்குள்ளேயே நீங்கள் இருக்கிறீர்கள்.

காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலமான பக்கக்காற்று சுழலைத் துரத்திவிடும். இலேசான பக்கக்காற்று அப்படிச் செய்யாது. காற்று வரும் பக்கத்துச் சுழலின் நகர்வை அது ஈடுசெய்து, ஓடுபாதையின் மேலேயே நிறுத்திவிடக் கூடும். பின்னாலிருந்து இலேசாக வீசும் காற்றோ அதை நீங்கள் தொடவேண்டிய இடத்துக்கே தள்ளிக்கொண்டு வரும். அமைதியான, பறப்பதற்கு இனிமையான மாலை வேளைகளில்தான் நான் மாணவர்களிடம் இடைவெளியைக் கூட்டச் சொல்வது. சுழலில் சிக்கிய விமானம் குலுங்குவதோடு நிற்பதில்லை. ஒரு இறக்கை திடீரென்று விழும். உருளுவதைக் கட்டுப்படுத்தும் இறக்கைத் தகடான ஏலரானை எதிர்ப்பக்கம் முழுவதுமாகத் திருப்பியும் விமானம் உருளுவது நிற்காமல் போகலாம். அது 200 அடியில் நடந்தால் மீள உயரம் இருக்காது.

பெரிய விமானங்களையும் இது விட்டுவைத்ததில்லை. 1972 மே 30 அன்று டெக்ஸாஸின் ஃபோர்ட் வொர்த் அருகே, டிசி-10 ஒன்றின் பின்னால் பயிற்சிக்காக இறங்க வந்த டிசி-9 சுழலில் சிக்கி, இறக்கை ஓடுபாதையில் மோதி நொறுங்கியது, நால்வர் இறந்தனர். 1993 டிசம்பர் 15 அன்று கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில், போயிங் 757-ஐப் பின்தொடர்ந்து கண்பார்வை அணுகுமுறையில் வந்த ஒரு வணிக ஜெட், முன்னால் போனதன் பாதைக்குக் கீழே பறந்து, அதே விதமாக விழுந்து ஐந்து பேர் இறந்தனர். டிசி-9 போன்ற ஒரு விமானத்தையே புரட்டக்கூடியது, ஒரு டன்னைச் சற்றே தாண்டும் செஸ்னாவை என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சர்வதேச நடைமுறையில் 7,000 கிலோ வரையுள்ள விமானங்கள் ‘லைட்’ வகை; 1,36,000 கிலோவும் அதற்கு மேலும் ‘ஹெவி’; இடைப்பட்டவை ‘மீடியம்’. ரேடார் கட்டுப்பாட்டில் ஹெவியின் பின்னால் லைட்டுக்கு ஆறு கடல் மைல், மீடியத்தின் பின்னால் ஐந்து, ஏ380 என்ற மிகப் பெரிய பயணிகள் விமானத்தின் பின்னால் எட்டு என்று இடைவெளி விடுவார்கள். அதைக் கட்டுப்பாட்டாளர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கண்பார்வை விதிகளின்படி இறங்க வருபவருக்கு அந்த இடைவெளியைத் தரவேண்டிய கடமை சர்வதேச நடைமுறைப்படி கட்டுப்பாட்டாளருக்கு இல்லை. அவர் எச்சரிப்பார், விலகியிருப்பது உங்கள் பொறுப்பு. அமெரிக்காவிலும், முன்னால் போகும் விமானம் தெரிகிறது என்று சொல்லி அதைப் பின்தொடர ஒப்புக்கொண்டால், பொறுப்பு உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. ‘டிராஃபிக் இன் சைட்’ (முன்னால் போகும் விமானம் தெரிகிறது) என்ற மூன்று சொற்களைச் சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தாலும், இடைவெளி போதவில்லை என்று பட்டால், கூடுதலாகக் கேளுங்கள். அல்லது கோ-அரவுண்ட் செய்துவிடுங்கள், அதாவது இறங்காமல் மேலே ஏறி மறுபடி வாருங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

இறங்குவதைப் பற்றி நீங்கள் கவலைப்பட்ட அளவுக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை. கண் செய்யும் ஒரு ஏமாற்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இருபது மீட்டர் அகலத்துக்குப் பழகிய கண்ணுக்கு, நாற்பத்தைந்து அல்லது அறுபது மீட்டர் அகல ஓடுபாதை, இருப்பதைவிடத் தாழ்வாக வந்துவிட்டோம் என்ற மயக்கத்தைத் தரும். அதனால் முதல்முறை வருபவர் பெரும்பாலும் உயரத்திலேயே மூக்கைத் தூக்கிவிடுகிறார். சக்கரங்களுக்குக் கீழே இன்னும் பத்துப் பதினைந்து அடி இருக்கும்போதே ஸ்டால் எச்சரிக்கை (இறக்கை தூக்குவிசையை இழக்கப்போகிறது என்ற ஒலி) ஒலிக்கத் தொடங்குகிறது. பார்வையை ஓடுபாதையின் தொலைமுனைக்குக் கொண்டுபோனால் இந்த மயக்கம் பெருமளவு குறையும். இறங்கிய பின் பிரேக்கை மிதித்து முதல் வெளிவழியிலேயே திரும்ப முயல வேண்டாம். அதே சமயம், இரண்டு கிலோமீட்டரை நடை வேகத்தில் உருண்டு கடப்பதும் பின்னால் வருபவரை கோ-அரவுண்டுக்குத் தள்ளும். நீங்கள் போக வேண்டிய இடம் ஓடுபாதையின் கடைசியில் இருந்தால், தள்ளி இறங்க அனுமதியை முன்பே கேட்டுக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

என் கணிப்பில், வான்வெளியைவிடத் தரையில்தான் புதியவர் அதிகம் தடுமாறுகிறார். இத்தாலியின் மிலான் லினாட்டே நிலையத்தில் 2001 அக்டோபர் 8 அன்று, மூடுபனியில் ஒரு சிறிய செஸ்னா சைட்டேஷன் ஜெட் ஆர்5 என்ற டாக்ஸிவேயில் போக வேண்டியது ஆர்6-இல் போய், புறப்பட்டு ஓடிக்கொண்டிருந்த எம்டி-87 பயணிகள் ஜெட்டின் முன்னால் ஓடுபாதைக்குள் நுழைந்தது. 118 பேர் இறந்தார்கள். குறியீடுகள் தெளிவாக இல்லாததும் தரை ரேடார் இயங்காததும் காரணங்களில் அடங்கும். ஆனால் அந்தக் காக்பிட்டிலிருந்து பார்த்தால், தவறான இடத்தில் இருக்கிறோம் என்பதே தெரியாமல் போனதுதான் அந்த விபத்து. ஆகவே டாக்ஸி வரைபடத்தை முந்தைய நாளே எடுத்து, நிறுத்துமிடம் எது, அங்கே போக எந்த எழுத்துள்ள டாக்ஸிவேக்கள் வரும், எந்த ஓடுபாதைகளைக் குறுக்கே கடக்க வேண்டும் என்று விரலால் நடந்து பாருங்கள். ‘ஹாட் ஸ்பாட்’ என்று வட்டமிட்டிருக்கும் இடங்களில் ஏற்கெனவே பலர் குழம்பியிருக்கிறார்கள். ஓடுபாதையை விட்டு வெளியே வந்து, காத்திருப்புக் கோட்டை முழு விமானமும் தாண்டிய பிறகே நின்று, சொல்வதை எழுதிக்கொண்டு, திருப்பிச் சொல்லுங்கள். ‘ஹோல்டு ஷார்ட்’ (ஓடுபாதைக்குள் நுழையாமல் நில்லுங்கள்) என்று வந்தால் ஓடுபாதை எண்ணோடு சேர்த்துத் திருப்பிச் சொல்வது கட்டாயம். வழி புரியாவிட்டால், ‘புதியவன், படிப்படியாக வழி சொல்லுங்கள்’ என்று கேட்கலாம். பெரிய நிலையங்களில் விமான நிறுவன விமானிகளே அப்படிக் கேட்பதுண்டு. ஐயம் வந்தால் நகராதீர்கள், ஆனால் ஓடுபாதையின் மேல் மட்டும் நின்றுவிடாதீர்கள். நின்றிருக்கும் ஜெட்டின் பின்னால் போவதையும் தவிருங்கள். அது நகரத் தொடங்கும் கணத்தில் கிளம்பும் வெப்பக் காற்று சிறு விமானத்தின் இறக்கையைத் தூக்கிவிடும்.

ரேடியோவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வரும் வழியில் நிலையத்தின் வானிலையையும் ஓடுபாதைத் தகவலையும் பதிவாகச் சொல்லும், ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எழுத்து கொண்ட ஏடிஸ் ஒலிபரப்பைக் கேட்டு எழுதிவிட்டு, அழைப்பதற்கு முன் வாக்கியத்தை மனத்தில் முடித்துக்கொள்ளுங்கள்: யார், எங்கே, எந்த உயரம், என்ன வேண்டும், எந்த ஏடிஸ் எழுத்து. வேகமாகப் பேச முயல வேண்டாம், குறைவாகப் பேசுங்கள். அந்த அலைவரிசையை ஒரு மணி நேரம் முன்கூட்டியே கேட்டுப் பழகினால், அங்கே அடிக்கடி சொல்லப்படும் இடப்பெயர்களும் எழுத்துகளும் காதுக்குப் பழகிவிடும். முதல் பயணத்தை அந்த நிலையத்தை அறிந்த பயிற்சி ஆசிரியரோடு, விமான நிறுவனங்களின் காலை, மாலை நெரிசல் நேரம் தவிர்த்து, பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். இரண்டாவது பயணத்தில் தனியாகப் போகலாமா என்பதை அந்த ஆசிரியர் உங்களைவிடச் சரியாகச் சொல்வார்.

திரும்பிப் புறப்படும்போது, ஓடுபாதையின் நடுவிலிருந்து புறப்பட விருப்பமா என்று கேட்பார்கள். டாக்ஸி தூரமும் காத்திருப்பும் குறையுமே என்று ஆசையாக இருக்கும். முன்னால் ஒரு ஜெட் எழுந்திருந்தால் அதை ஏற்காமல் முழு நீளத்தையும் கேட்பதுதான் என் வழக்கம். நடுவிலிருந்து புறப்பட்டால் அதன் மூக்கு எழுந்த இடத்துக்கு அருகிலோ அதைத் தாண்டியோ நீங்கள் எழ நேரும். தொடக்கத்திலிருந்து புறப்பட்டால் அந்த இடத்துக்கு வெகு முன்பே எழுந்து, காற்று வரும் பக்கமாகச் சற்று விலகி ஏறலாம். மீடியம் அல்லது ஹெவியின் பின்னால் லைட்டுக்குச் சர்வதேச நடைமுறை இரண்டு நிமிடமும், நடுவிலிருந்து புறப்பட்டால் மூன்று நிமிடமும் விடச் சொல்வது இதனால்தான். 1991 பிப்ரவரி 1 இரவு லாஸ் ஏஞ்சலஸில், நடுவழியில் ஓடுபாதைக்குள் நுழைந்து காத்திருக்கச் சொல்லப்பட்ட மெட்ரோலைனர் என்ற சிறு பயணிகள் விமானம் ஒன்றைக் கட்டுப்பாட்டாளர் மறந்து, அதே ஓடுபாதையில் ஒரு 737 இறங்க அனுமதி தந்ததில் 35 பேர் இறந்ததையும் நினைவில் வைத்திருக்கிறேன். இருட்டில் ஓடுபாதையின் நடுவே நிற்கும் சிறு விமானம், மேலிருந்து வருபவருக்கு மற்ற விளக்குகளோடு கலந்துபோய்விடும். ஓடுபாதைக்குள் நின்று காத்திருக்கும்போது ஒரு நிமிடம் கடந்தும் அனுமதி வராவிட்டால், உங்கள் அழைப்புக்குறியையும் நிற்கும் இடத்தையும் சொல்லி நினைவூட்டுங்கள். இந்தக் காத்திருப்புக்கும், நீண்ட டாக்ஸிக்கும், வட்டமடிக்கச் சொல்லும் நேரத்துக்கும் சேர்த்து எரிபொருளை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.